தருமபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து தத்துவத்தில் பிஎச்.டி: எந்த வழி யாருக்குப் பொருந்தும்?

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இருந்துகொண்டு தத்துவத்தில் முனைவர் பட்டம் செய்ய நினைப்பவருக்கு முதல் தடை, அருகில் துறையே இல்லாததுதான். இரண்டு மாவட்டங்களும் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் வருகின்றன. 1997-இல் தொடங்கிய அந்தப் பல்கலைக்கழகத்தில் தமிழ், ஆங்கிலம், சமூகவியல், உளவியல் எல்லாம் உண்டு. தத்துவத்துக்குத் தனித் துறை கிடையாது. ஆகவே ஊரை விட்டுக் கிளம்ப வேண்டும், அல்லது பக்கத்துத் துறை ஒன்றில் சேர்ந்து தத்துவக் கேள்வியை ஆராய வேண்டும்.

நடைமுறையில் திறந்திருக்கும் வழிகள் இவை: சென்னை, புதுச்சேரி, சிதம்பரம் போன்ற இடங்களில் தத்துவத் துறையில் முழுநேரமாகச் சேர்வது, வேலையில் இருந்துகொண்டே பகுதிநேரமாகச் செய்வது, சேலத்தில் தமிழ்த் துறை வழியாகப் போவது, ஓசூர் எல்லையைத் தாண்டி பெங்களூருவில் சேர்வது, ஐ.ஐ.டி அல்லது வெளிநாடு. பெரும்பாலோர் பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்த்தோ பேருந்துக் கட்டணத்தைப் பார்த்தோ முடிவெடுக்கிறார்கள். நாங்கள் சொல்வது வேறு. உங்கள் கேள்வி, அதற்கான மூலநூல், அந்த நூலை நேரடியாக வாசிக்கும் மொழி, அதை அறிந்த நெறியாளர் ஆகிய நான்கும் எங்கே ஒன்றுசேர்கின்றனவோ அங்கேதான் போக வேண்டும். மற்ற எல்லாக் கணக்கையும் அதற்குப் பிறகே போட வேண்டும்.

வேலையைப் பற்றி முதலிலேயே ஒளிக்காமல் சொல்லிவிடுவோம். தமிழ்நாட்டில் இளங்கலைத் தத்துவம் நடத்தும் கல்லூரிகள் மிகக் குறைவு. ஆகவே உதவிப் பேராசிரியர் பணியிடங்களும் குறைவு. பல்கலைக்கழக மானியக் குழு (யூ.ஜி.சி) 2023 ஜூலை முதல் உதவிப் பேராசிரியர் பணிக்கு நெட், செட் போன்ற தகுதித் தேர்வைக் குறைந்தபட்சத் தகுதியாக வைத்து, பிஎச்.டியை விருப்பத்துக்கு விட்டுவிட்டது. பட்டம் வாங்கினால் வேலை தானாக வரும் என்ற நம்பிக்கையோடு இந்தத் துறைக்குள் வரக்கூடாது. கேள்வி உங்களைத் தூங்கவிடாமல் பிடித்திருக்க வேண்டும். அதோடு நெட் தேர்ச்சியும் கையில் இருக்க வேண்டும்.

கேள்வியும் நெறியாளரும்

"திருக்குறளில் அறம்", "சங்கரரும் ராமானுஜரும்: ஓர் ஒப்பீடு" போன்ற தலைப்புகளோடு வருபவர்கள் நேர்காணலிலேயே தடுமாறுகிறார்கள். அவை பாடத்தலைப்புகள். அவற்றில் கேள்வி இல்லை. ஆய்வுக்கேள்வி என்றால் அதற்கு இரண்டு விடைகளாவது சாத்தியமாக இருக்க வேண்டும். எது சரி என்று வாதாட இடம் வேண்டும். மணிமேகலையின் 29-ஆம் காதையில் வரும் அளவைப் (தருக்கப்) பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். அது வடமொழி நியாயப்பிரவேச நூலோடு மிக நெருங்கி நிற்கிறது. போலி ஏதுக்களை, அதாவது தவறான காரணங்களை, பிரிக்கும்போது தமிழ் நூல் எங்கே வடமொழியைப் பின்பற்றுகிறது, எங்கே விலகுகிறது, அந்த விலகல் தருக்க அளவில் பொருட்படுத்தத்தக்கதா? இது கேள்வி. அல்லது சிவஞான சித்தியாரின் பரபக்கத்தை எடுக்கலாம். அருணந்தி சிவாச்சாரியார் அங்கே 14 மதங்களை மறுக்கிறார். அவற்றுள் ஒரே ஒரு மறுப்பை எடுத்து, எதிர்த்தரப்பின் சொந்த நூலோடு வைத்துப் பார்த்து, மறுப்பு நியாயமானதா என்று கேட்டாலே மூன்று ஆண்டு வேலை இருக்கிறது.

நம் மாவட்டத்துக்காரர்களுக்கு ஓர் அனுகூலம் உண்டு. தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் கன்னடமும், ஓசூர், பர்கூர்ப் பக்கம் தெலுங்கும் வீட்டுமொழியாகப் புழங்குகின்றன. 12-ஆம் நூற்றாண்டுக் கன்னட வசனங்களையோ தெலுங்குக் கவிஞர் வேமனரின் பாடல்களையோ தமிழ்ச் சித்தர் மரபோடு ஒப்பிட விரும்புபவருக்கு இது பெரிய முதல். ஆனால் வீட்டில் பேசுவது வேறு, பழைய நூலை வாசிப்பது வேறு. எழுத்தும் பழைய இலக்கணமும் படிக்க ஓர் ஆண்டாவது ஒதுக்க வேண்டும். நடுகற்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் வீரமரணம், நினைவு, கடமை பற்றி ஆராய ஆசைப்படுவதும் இயல்பு. அது நல்ல ஆசை. ஆனால் கல்வெட்டு வாசிப்பு தெரிந்த துணை நெறியாளர் இல்லாமல் அதைத் தொடங்கினால், ஆய்வேடு வரலாறும் ஆகாமல் தத்துவமும் ஆகாமல் நடுவில் நின்றுவிடும். யூ.ஜி.சியின் 2022 பிஎச்.டி விதிகள் வேறு துறையிலிருந்தோ வேறு நிறுவனத்திலிருந்தோ துணை நெறியாளரை வைத்துக்கொள்ள இடம் தருகின்றன. அதைப் பயன்படுத்துங்கள்.

அத்வைதம், நியாயம் என்று போனால் சமஸ்கிருதம் இல்லாமல் முடியாது. மொழிபெயர்ப்பை மட்டும் நம்பி எழுதிய ஆய்வேட்டைப் புறத்தேர்வாளர் முதல் அத்தியாயத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். சமஸ்கிருதம் கற்க நேரமில்லை என்றால் தமிழில் எழுதப்பட்ட வேதாந்தமே பெரும் பரப்பு. தாண்டவராய சுவாமிகளின் கைவல்ய நவநீதம் ஓர் எடுத்துக்காட்டு. சைவ சித்தாந்தத்தில் மெய்கண்டாரின் 12 சூத்திரங்களும் அவற்றின் மேல் எழுந்த உரைகளும், சிவஞான முனிவரின் மாபாடியம் வரைக்கும், தமிழிலேயே இருக்கின்றன.

நெறியாளரைத் தேடும்போது மூன்று விஷயங்களைப் பாருங்கள். முதலாவது, காலியிடம். ஒரே நேரத்தில் பேராசிரியர் 8 பேரையும், இணைப் பேராசிரியர் 6 பேரையும், உதவிப் பேராசிரியர் 4 பேரையும் மட்டுமே வழிநடத்தலாம். தத்துவத் துறைகள் சிறியவை. நீங்கள் விரும்பும் ஒருவரிடம் இடம் நிரம்பியிருந்தால் அந்த ஆண்டு அங்கே வழியில்லை. இரண்டாவது, ஓய்வு. பணி ஓய்வுக்கு மூன்று ஆண்டுக்கும் குறைவாக உள்ளவர் புதிய மாணவரை எடுக்க முடியாது. நாலு ஆண்டு மீதமுள்ளவர் எடுக்கலாம். ஆனால் நீங்கள் ஆய்வேட்டைக் கட்டும் நேரத்தில் அவர் போய்விடுவார். மூன்றாவது, அவர் நெறிப்படுத்திய பழைய ஆய்வேடுகள். இன்ஃபிலிப்னெட் நடத்தும் சோத்கங்கா தளத்தில் அவை இலவசமாகக் கிடைக்கும். இரண்டையாவது முன்னுரையும் முடிவுரையும் சேர்த்துப் படியுங்கள். நூல்களைச் சுருக்கிச் சொல்வதோடு நின்ற ஆய்வேடுகளாக இருந்தால் உங்களிடமும் அதையே எதிர்பார்ப்பார்கள்.

மின்னஞ்சல் எழுதும்போது ஒரே கடிதத்தைப் பத்துப் பேருக்கு அனுப்பாதீர்கள். கேள்வி என்ன, எந்த மூலநூல், எந்தப் பதிப்பு, உங்களுக்கு எந்த மொழி தெரியும், அவருடைய எந்தக் கட்டுரை உங்கள் கேள்வியோடு தொடர்புடையது என்று ஒரே பக்கத்துக்குள் எழுதுங்கள். பதில் வராவிட்டால் மூன்று வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம். நேரில் போவதானால் துறை அலுவலகத்தில் அவர் இருக்கும் நாளைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

நுழைவுத் தகுதியும் நெட்டும்

எம்.ஃபில் 2022 விதிகளோடு முடிந்தது. இப்போது முதுகலையில் 55 விழுக்காடு இருந்தால் நேரே பிஎச்.டி. எஸ்.சி, எஸ்.டி, வசதிநிலை வரம்புக்குள் வரும் (கிரீமி லேயர் அல்லாத) ஓ.பி.சி, மாற்றுத்திறனாளிகள், பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினர் ஆகியோருக்கு 5 விழுக்காடு தளர்வு. நான்காண்டு இளங்கலையை 75 விழுக்காட்டோடு முடித்தவரும் விண்ணப்பிக்கலாம்.

வேறு பாடத்தில் முதுகலை முடித்தவர்கள்தான் நம் பக்கம் அதிகம்: தமிழ், ஆங்கிலம், வரலாறு, சில சமயம் பொறியியல். அவர்களுக்கு எங்கள் யோசனை உறுதியானது. முதலில் இக்னோ என்னும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ தத்துவம் சேருங்கள். எந்த இளங்கலை முடித்தவரும் சேரலாம். குறைந்தது இரண்டு ஆண்டு. பாடநூல்கள் ஆங்கிலத்தில் இருக்கும். சில துறைகள் தொடர்புள்ள பாட முதுகலையையும் ஏற்கின்றன என்பது உண்மைதான். ஆனால் நெட் தேர்வை முதுகலைப் பாடத்தில்தான் எழுத வேண்டும். பிறகு பணி நியமனத்தில் "உரிய பாடம்" என்ற சொல்லில் சிக்குவார்கள். இரண்டு ஆண்டு தாமதமாகிறதே என்று தோன்றும். தருக்கமும் மேலைத் தத்துவ வரலாறும் ஒழுங்காகப் படிக்காமல் ஆய்வில் இறங்கினால் இழப்பது அதைவிட அதிகம். ஏற்கெனவே கல்லூரியில் வேறு முதுகலை படித்துக்கொண்டிருப்பவர்கள் இதைத் தொலைநிலையில் கூடவே படிக்க 2022 முதல் யூ.ஜி.சி அனுமதிக்கிறது. அந்த அனுமதி பிஎச்.டிக்குப் பொருந்தாது, எம்.ஏவை முடித்த பிறகே ஆய்வுக்குப் பதிவு செய்ய வேண்டும்.

நெட் தேர்வில் தத்துவத்தின் எண் 03. முதல் தாளில் 50 கேள்வி, இரண்டாம் தாளில் 100 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 2 மதிப்பெண், மொத்தம் மூன்று மணி நேரம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பில்லை; ஒன்றையும் விடாமல் குறித்துவிட்டு வர வேண்டும். வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் இருக்கும். தமிழ்வழியில் படித்தவர்கள் இங்கேதான் திணறுகிறார்கள்: பொருள் தெரிந்திருக்கும், கலைச்சொல் பிடிபடாது. காட்சி, கருதல், உரை என்று அளவைகளைத் தமிழில் அறிந்தவர் அவற்றின் வடமொழிப் பெயரையும் ஆங்கில எழுத்தில் அது வரும் வடிவத்தையும் ஒரு நோட்டில் எழுதிப் பழக வேண்டும். பாடத்திட்டத்தில் திருவள்ளுவர், நாராயண குரு, அம்பேத்கர் போன்றோரும் வருகிறார்கள் என்பதால் நம்மவர்களுக்கு முற்றிலும் அந்நியமான தாள் இல்லை. மதிப்பெண்ணை உயர்த்துவது தருக்கப் பகுதிதான். எதிர்வுச் சதுரம், முக்கூற்று முடிவு, உண்மை அட்டவணை, அளவையாக்கம் ஆகியவற்றைத் தினம் ஒரு மணி நேரம் நான்கு மாதம் கையால் போட்டுப் பார்த்தவர்கள் அந்தப் பகுதியில் மதிப்பெண் இழப்பது அரிது.

2024 ஜூன் முதல் நெட் முடிவு மூன்று பிரிவாக வருகிறது: ஜே.ஆர்.எஃப்போடு (இளநிலை ஆய்வு உதவித்தொகையோடு) உதவிப் பேராசிரியர் தகுதி, உதவிப் பேராசிரியர் தகுதியோடு பிஎச்.டி சேர்க்கை, பிஎச்.டி சேர்க்கை மட்டும். பின்னிரண்டு பிரிவினருக்கு நெட் மதிப்பெண்ணுக்கு 70, நேர்காணலுக்கு 30 விழுக்காடு எடை. பிஎச்.டி சேர்க்கைக்கு அந்த மதிப்பெண் ஓர் ஆண்டு மட்டுமே செல்லும். மாநிலப் பல்கலைக்கழகங்கள் சில தங்கள் சொந்த நுழைவுத் தேர்வையும் நடத்துகின்றன. அதில் பாதி ஆய்வுமுறை, பாதி பாடம்.

முழுநேரம்: சேப்பாக்கமா, காலாப்பட்டா, சிதம்பரமா

சேப்பாக்கத்தில் உள்ள சென்னைப் பல்கலைக்கழகத்தின் ராதாகிருஷ்ணன் தத்துவ உயராய்வு நிறுவனம் 1964-இல் உயராய்வு மையமாகத் தொடங்கியது. டி.எம்.பி. மகாதேவன் வளர்த்தெடுத்த அத்வைத மரபு அதன் அடையாளம். அதே பல்கலைக்கழகத்தில் சைவ சித்தாந்தம், வைணவம், சமணவியல், கிறித்தவவியல் ஆகியவற்றுக்கும் தனித் துறைகள் உண்டு. இந்தியத் தத்துவத்தில், குறிப்பாகத் தமிழ்ச் சமயத் தத்துவத்தில் கேள்வி வைத்திருப்பவருக்கு இதைவிடச் செழிப்பான இடம் மாநிலத்தில் இல்லை என்பது எங்கள் கணிப்பு. காரணம் துறை மட்டும் இல்லை, ஊரும்தான். அடையாறு நூலகம் 1886-இலிருந்து இருக்கிறது. மயிலாப்பூரில் குப்புசாமி சாஸ்திரி ஆய்வு நிறுவனம், தரமணியில் ரோஜா முத்தையா நூலகம், கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம், அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகம் என்று ஒரு வாரத்தில் அத்தனையையும் சுற்றிவரலாம். குறை, செலவு. விடுதி கிடைக்காவிட்டால் திருவல்லிக்கேணி மேன்ஷன் வாடகையே உதவித்தொகை இல்லாதவரைத் திருப்பி அனுப்பிவிடும்.

ஊர் போக்குவரத்து கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு எளிது: சென்னைக்குச் சுமார் 255 கிலோமீட்டர், நேர் நெடுஞ்சாலை. ஊரில் ரயில் நிலையம் இல்லை என்பதால் பேருந்துதான். தருமபுரி மாவட்டத்தவருக்கு மொரப்பூர், பொம்மிடியில் சென்னை ரயில்கள் நிற்கின்றன.

புதுச்சேரிப் பல்கலைக்கழகம் 1985-இல் நிறுவப்பட்ட மத்தியப் பல்கலைக்கழகம். காலாப்பட்டு வளாகத்தில் தத்துவத் துறை இருக்கிறது. மேலைத் தத்துவம், சமூக அரசியல் தத்துவம், மொழித் தத்துவம் போன்றவற்றுக்கு மனம் சாய்ந்தவர்கள் இதை முதலில் பார்க்கலாம். வெளிமாநில மாணவர்களோடு ஆங்கிலத்தில் வாதிடும் பழக்கம் இங்கே வந்துவிடும். அது பிற்பாடு எல்லா நேர்காணலிலும் கைகொடுக்கும். ஆகமம், சித்தாந்தம் பக்கம் போகிறவர்களுக்கும் புதுச்சேரியில் ஒரு புதையல் உண்டு: 1955-இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம். அங்கும் தூரக்கிழக்கு ஆய்வுக்கான பிரெஞ்சுப் பள்ளியிலும் உள்ள சைவச் சுவடிகளை யுனெஸ்கோ 2005-இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. ஊத்தங்கரை, சிங்காரப்பேட்டைப் பக்கத்தவருக்கு இது சென்னையைவிடக் கிட்டம்: செங்கம், திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் என்று ஒரே சாலை.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தத்துவத் துறையும் பழையது. சிதம்பரத்தில் வாழ்க்கைச் செலவு குறைவு, நூலகம் பெரிது. ஆனால் நம் மாவட்டங்களிலிருந்து நேர்வழி இல்லை. சேலம், விருத்தாசலம் சுற்றிப் போக வேண்டும். உங்கள் நெறியாளர் அங்கே இருக்கிறார் என்றால் போங்கள். செலவு குறைவு என்பதற்காக மட்டும் போகாதீர்கள். முழுக்கத் தமிழிலேயே எழுத உறுதி கொண்டவர்கள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தையும் விசாரிக்கலாம்.

சேர்ந்த பிறகு எங்கும் ஏறக்குறைய ஒரே நடைமுறை. குறைந்தது 12 கிரெடிட் கோர்ஸ் ஒர்க், அதில் ஆய்வு அறநெறிப் பாடம் கட்டாயம், 55 விழுக்காடு எடுத்தால்தான் தொடரலாம். ஒவ்வொரு பருவத்திலும் ஆய்வுக் குழு முன் முன்னேற்றம் காட்ட வேண்டும். வாரம் 4 முதல் 6 மணி நேரம் வகுப்பெடுக்கும் பணி தரலாம். குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு. மறுபதிவில் மேலும் இரண்டு. பெண்களுக்கும் 40 விழுக்காட்டுக்கு மேல் குறைபாடுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கும் இன்னும் இரண்டு சேர்த்து மொத்தம் பத்து ஆண்டு வரை போகலாம். பெண்களுக்கு மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பாக 240 நாள் வரை உண்டு. கல்யாணத்தைக் காரணம் காட்டிப் பெண்ணின் ஆய்வை நிறுத்த நினைக்கும் குடும்பங்களுக்கு இந்தக் கணக்கைக் காட்ட வேண்டும்.

பணம்

ஜே.ஆர்.எஃப் கிடைத்தால் முழுநேரம் தவிர வேறு எதையும் யோசிக்க வேண்டாம். முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு எஸ்.ஆர்.எஃப் (முதுநிலை உதவித்தொகை) ஆனால் 42,000. ஐந்து ஆண்டுக்குக் கூட்டினால் 24 லட்சம். விடுதி இல்லாவிட்டால் வீட்டு வாடகைப் படி தனி. வயது வரம்பு 30, பெண்களுக்கும் ஓ.பி.சி, எஸ்.சி, எஸ்.டி, மாற்றுத்திறனாளிகள், மூன்றாம் பாலினத்தவருக்கும் 5 ஆண்டு தளர்வு. வேலைக்குப் போய்விட்டு 34 வயதில் திரும்பி வருகிற பெண்கள் இந்தத் தளர்வை அறியாமலே விண்ணப்பத்தை விட்டுவிடுகிறார்கள்.

ஜே.ஆர்.எஃப் வராதவர்களுக்குச் சில கதவுகள் உண்டு. மத்திய கல்வி அமைச்சகத்தின்கீழ் இயங்கும் இந்தியத் தத்துவ ஆய்வுக் கழகம் தத்துவ ஆய்வாளர்களுக்கென்றே உதவித்தொகை தருகிறது. போட்டி பாடத்துக்குள் மட்டும் என்பதால் வாய்ப்பு நல்லது. அதன் விண்ணப்பத்தில் ஆய்வுத் திட்டம்தான் எடை போடப்படுகிறது. சித்தேரி மலை, அரூர்ப் பக்கத்து மலையாளி சமூகத்தவர், இருளர் போன்ற பழங்குடி மாணவர்களுக்குப் பழங்குடியினர் நல அமைச்சகத்தின் தேசிய உதவித்தொகை இருக்கிறது. அதற்குத் தேர்வு முதுகலை மதிப்பெண் அடிப்படையில். எஸ்.சி, எஸ்.டி, மதம் மாறிய கிறித்தவ ஆதிதிராவிட மாணவர்கள் முழுநேர ஆய்வுக்கு மாநில அரசின் ஆண்டு உதவித்தொகையையும் கேட்கலாம். முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகைத் திட்டத்தில் அந்த ஆண்டு அறிவிப்பில் உங்கள் பாடம் இடம்பெற்றிருக்கிறதா என்று பாருங்கள்.

உதவித்தொகை ஒன்றும் இல்லாமல் முழுநேரமாகச் சேர்ந்து, டியூஷன் எடுத்துச் சமாளிக்கலாம் என்று நினைப்பவர்களிடம் நேராகச் சொல்கிறோம்: ஓர் ஆண்டு பொறுத்து நெட்டை மறுபடி எழுதுங்கள். இரண்டாம் ஆண்டில் பணமில்லாமல் நின்றுபோகும் ஆய்வுகளே அதிகம், அறிவில்லாமல் நின்றுபோனவை குறைவு.

வேலையோடு பகுதிநேரம்

அரசுப் பள்ளி ஆசிரியர்கள், வருவாய்த்துறையினர், ஓசூர்த் தொழிற்சாலைகளில் இருப்பவர்கள் இந்த வழியைத்தான் கேட்கிறார்கள். சட்டப்படி இடமுண்டு. வேலைதருபவரின் தடையின்மைச் சான்றில் மூன்று செய்தி இருக்க வேண்டும்: பகுதிநேரமாகப் படிக்க அனுமதி, ஆய்வுக்குப் போதிய நேரம் தரும் பணி, தேவைப்பட்டால் கோர்ஸ் ஒர்க்குக்காகப் பணியிலிருந்து விடுவிப்பு. மூன்றாவது வரி இல்லாத சான்றுதான் பின்னால் பிரச்சினை தரும். சேர்ந்தபின் தலைமையாசிரியர் மாறி, புதியவர் விடுப்புத் தரமாட்டேன் என்று சொன்னால் கோர்ஸ் ஒர்க் அப்படியே நிற்கும். அரசுப் பணியாளர்கள் தங்கள் துறையின் முன் அனுமதியை எழுத்தில் வாங்கிய பிறகே விண்ணப்பிக்க வேண்டும். பின்தேதி அனுமதி எளிதில் கிடைக்காது.

பகுதிநேரத்தின் உண்மையான சிக்கல் தூரமும் தனிமையும். தத்துவம் பேசிப் பேசிக் கூர்மையாகும் படிப்பு. பாலக்கோட்டில் இருந்துகொண்டு மாதம் ஒருமுறை சேப்பாக்கம் போய் வருபவருக்கு எதிர்வாதம் செய்ய ஆள் இல்லை. ஆகவே பகுதிநேரக்காரர்கள் கேள்வியை இன்னும் குறுக்கிக்கொள்ள வேண்டும்: ஒரே நூல், ஒரே அதிகாரம், ஒரே சிக்கல். நூல்கள் பெரும்பாலும் இணையத்தில் கிடைப்பவையாக இருந்தால் நல்லது. மதுரைத் திட்டம், தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகம், ஸ்டான்ஃபோர்டு தத்துவக் கலைக்களஞ்சியம் மூன்றும் இலவசம். 2025-இல் தொடங்கிய ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்தால் அரசுப் பல்கலைக்கழகங்களில் பதிவு செய்தவர்களுக்கு வெளிநாட்டு ஆய்விதழ்களும் திறந்திருக்கின்றன. வீட்டிலிருந்து பயன்படுத்தும் வசதியைப் பல்கலைக்கழக நூலகத்தில் சேர்ந்த முதல் வாரமே கேட்டு வாங்குங்கள். நிரந்தர வேலை இருப்பவருக்கு மட்டுமே இந்த வழியைச் சொல்வோம்.

ஒரு எச்சரிக்கை. தொலைநிலையிலோ ஆன்லைனிலோ பிஎச்.டி செய்ய இந்தியாவில் அனுமதி இல்லை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ஆன்லைன் பிஎச்.டி தருவதாக விளம்பரம் செய்யும் நிறுவனங்களை நம்ப வேண்டாம் என்று யூ.ஜி.சியும் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இயும் 2022-இலேயே அறிவித்துவிட்டன. "வாரக் கடைசியில் இரண்டே ஆண்டில் டாக்டர் பட்டம்" என்பதெல்லாம் பணத்தைப் பறிக்கும் வேலை. அந்தப் பட்டத்தை எந்தப் பணி வாரியமும் ஏற்காது.

சேலத்துத் தமிழ்த் துறை

மூலநூல் தமிழாக இருந்து, கேள்வி உரைமரபையும் சொற்பொருளையும் ஒட்டியதாக இருந்தால் இது இரண்டாந்தர வழியே கிடையாது. தருமபுரியிலிருந்து சேலம் சுமார் 65 கிலோமீட்டர். காலையில் போய் மாலையில் திரும்பலாம். நீலகேசியின் வாத முறை, தாயுமானவரின் சமரசக் கருத்து, சித்தியார் அளவையியல் எல்லாம் தமிழ்த் துறையில் இயல்பாகப் பொருந்தும்.

ஆனால் எதைப் பெறுகிறீர்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். பட்டம் தமிழில் வரும். தத்துவப் பணியிடத்துக்கு அது உதவாது. தமிழ்ப் பணியிடங்கள் பல மடங்கு அதிகம் என்பதால் பிழைப்புக்கு இதுவே மேல் என்று நினைப்பதும் நியாயமே. இன்னொரு பக்கம், ஆய்வுக் குழுவில் இருப்பவர்கள் இலக்கியக்காரர்களாக இருந்தால் உங்கள் வாதத்தின் ஓட்டையை யாரும் சுட்டமாட்டார்கள். பாராட்டிவிட்டுப் போவார்கள். அது ஆய்வுக்குக் கேடு. தத்துவத் துறையைச் சேர்ந்த ஒருவரைத் துணை நெறியாளராகக் கேட்டுப் பெறுங்கள். முடியாவிட்டால் ஆய்வுக் குழுவிலாவது ஒருவர் இருக்க வேண்டும்.

பெங்களூரு, ஐ.ஐ.டி, வெளிநாடு

ஓசூரிலிருந்து பெங்களூரு சுமார் 40 கிலோமீட்டர் என்பதால் அங்கே கண் போவது இயல்பு. பெங்களூரு பல்கலைக்கழகத்தில் தத்துவத் துறை இருக்கிறது. தமிழ்நாட்டு இடஒதுக்கீடு அங்கே செல்லாது. மாநிலப் பல்கலைக்கழகத்தில் வெளிமாநிலத்தவராகப் பொதுப் பிரிவில்தான் போட்டி. தனியார் பல்கலைக்கழகங்களில் கட்டணத்தையும் உதவித்தொகையையும் ஆறு ஆண்டுக்கும் சேர்த்துக் கணக்கிட்டுப் பாருங்கள். முதலாண்டுக் கட்டணத்தை மட்டும் பார்த்துச் சேர்ந்தவர்கள், ஆய்வேடு சமர்ப்பிக்கும் கட்டணம் வரும்போது திகைக்கிறார்கள்.

சென்னை ஐ.ஐ.டியின் ஹியூமானிட்டீஸ், சமூக அறிவியல் துறையிலும் தத்துவ ஆய்வு நடக்கிறது. மனத்தத்துவம், அறிவியல் தத்துவம், தொழில்நுட்ப அறம் பக்கம் போகும் பொறியியல், அறிவியல் மாணவர்களுக்கு இது பொருத்தமானது. எழுத்துத் தேர்வும் நேர்காணலும் கடுமையாக இருக்கும். ஆங்கிலத்தில் ஒரு வாதத்தை இரண்டு பக்கத்தில் கட்டி எழுதும் பயிற்சி இல்லாமல் போக வேண்டாம்.

வெளிநாட்டுத் துறைகள் பெரும்பாலும் எழுத்து மாதிரியை வைத்தே தேர்ந்தெடுக்கின்றன. ஒரே சிக்கலைப் பற்றிய இருபது பக்கக் கட்டுரை அது. எழுதித் திருத்தி முடிக்க ஓர் ஆண்டு பிடிக்கும். மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகையை நம்பியிருக்கும் எஸ்.சி மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2022-23 வழிகாட்டுதலில் இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு சார்ந்த ஆய்வுத் தலைப்புகளை அந்தத் திட்டத்திலிருந்து நீக்கிவிட்டார்கள். இந்தியத் தத்துவத்தை வெளிநாட்டில் ஆராய அந்தப் பணம் வராது என்றே வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள்.

எங்கே உடைகிறது

பொதுவாக இரண்டு இடத்தில். முதலாவது, இரண்டாம் ஆண்டின் முடிவு: வாசித்துக்கொண்டே இருந்து எழுதாமல் விடுவது. சேர்ந்த ஆறாம் மாதத்திலிருந்தே மாதம் 1,500 சொல், அரைகுறையாக இருந்தாலும், நெறியாளர் கைக்குப் போக வேண்டும்.

இரண்டாவது, கருத்துத் திருட்டுச் சோதனை. யூ.ஜி.சியின் 2018 விதிப்படி ஒற்றுமை 10 விழுக்காடு வரை குற்றமில்லை. 10 முதல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 40 முதல் 60 வரை ஓர் ஆண்டு தடை. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. ஆங்கிலக் கட்டுரையைத் தமிழில் பெயர்த்து வைத்தால் மென்பொருள் பிடிக்காது என்று சிலர் சொல்லித்தருகிறார்கள். தேர்வாளர் பிடிப்பார்; அந்த ஆங்கிலக் கட்டுரையை எழுதியவரே தேர்வாளராக வரவும் வாய்ப்புள்ள சிறிய துறை இது. கட்டுரை வெளியிடும்போதும் கவனம் தேவை. யூ.ஜி.சி தரமான இதழ்களுக்கென வைத்திருந்த கேர் பட்டியலை 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டதால், எந்த இதழ் தரமானது என்று நீங்களும் நெறியாளரும்தான் முடிவு செய்ய வேண்டும். பணம் கட்டினால் ஒரே வாரத்தில் வெளியிடுவோம் என்னும் இதழ்களின் பக்கமே போகாதீர்கள்.

ஆய்வேட்டின் மொழியைப் பதிவின்போதே தீர்மானிக்க வேண்டியிருக்கும். நெறியாளரைத் தவிரக் குறைந்தது இரண்டு புறத்தேர்வாளர்கள் மதிப்பிடுவார்கள். தமிழில் எழுதினால் மூலநூலோடு நெருக்கமாக வாதிடலாம். ஆனால் தமிழும் தத்துவமும் சேர்ந்து அறிந்த தேர்வாளர்கள் கைவிரல் அளவுதான், அறிக்கை வர மாதங்கள் இழுக்கும். ஆங்கிலத்தில் எழுதினால் தேர்வாளர் வட்டம் விரியும். மேற்கோள்களை மூலத்தில் தந்து நீங்களே பெயர்த்து வைக்க வேண்டும். சித்தாந்தமோ தமிழ்க் காப்பியமோ என்றால் ஆங்கிலத்தில் எழுதுவதையே நாங்கள் பரிந்துரைப்போம். இந்த நூல்களின் வாதங்கள் தமிழ்நாட்டுக்கு வெளியே படிக்கப்படாமல் கிடக்கின்றன. அந்தக் குறையைத் தீர்க்க இரண்டு மொழியும் அறிந்த நம் பிள்ளைகளால் முடியும்.

இந்த ஆண்டே தொடங்குவதானால் முதலில் தாலுகா அலுவலகம் போங்கள். நெட்டுக்கும் புதுச்சேரி, ஐ.ஐ.டி போன்ற மத்திய நிறுவனங்களுக்கும் தமிழ்நாட்டு எம்.பி.சி அல்லது பி.சி சாதிச் சான்று போதாது. மத்திய அரசு வடிவத்தில் ஓ.பி.சி சான்று தனியாக வாங்க வேண்டும். அந்தச் சான்றுக்கான வருமானக் கணக்கில் பெற்றோரின் சம்பளமும் விவசாய வருவாயும் சேராது என்பதை அறியாமல், தகுதி இல்லை என்று தாமாகவே ஒதுங்குபவர்கள் பலர். எஸ்.டி சான்று வருவாய்க் கோட்டாட்சியரிடமிருந்து வர வேண்டும்: தருமபுரி, அரூர், கிருஷ்ணகிரி, ஓசூர் என்று உங்கள் கோட்டம் எதுவோ அங்கே. விசாரணைக்கு நாளாகும் என்பதால் நெட் அறிவிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஓ.பி.சி சான்றை ஏப்ரல் 1-க்குப் பிறகு புதிதாக வாங்குங்கள். போன நிதியாண்டின் சான்றைச் சேர்க்கை நேரத்தில் பல நிறுவனங்கள் ஏற்பதில்லை.